வெளியாள் சாட்சி

ஜெபகுமார் சித்தப்பா என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்வதற்காக, ஒரு பை ஆப்பிளோடு வீடு தேடி வந்தார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே தறியில் என் கணவர் சிவபாலன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் வேத புத்தகம். எங்கள் வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. வந்தவரை விரட்டக் கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள், அதனால் நாற்காலியைக் காட்டினேன்.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்கினு இருக்கக் கூடாதும்மா நதியா," என்றார். "நான் உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்."

என் கையிலிருந்த இழை அறுந்துபோனது. பட்டு அப்படிச் சுலபத்தில் அறுகிற நூல் இல்லை. நான் எவ்வளவு இழுத்திருந்தால் அறுந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தறிச் சத்தமும் நின்றது.

இந்த மனிதர் யார், என்னை மன்னிப்பதற்கு இவருக்கு என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

நான் முசரவாக்கத்துப் பெண். அங்கே எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன கிறிஸ்தவ சபை. என் அப்பா ராஜவேலு கொத்தனார். அந்தக் கோயில் சுவரைக் கட்டியதும் அவர்தான், அதை முன்னின்று நடத்துகிற மூப்பராக இருந்ததும் அவர்தான். ஜெபகுமார் அவரை அண்ணே அண்ணே என்று சுற்றிக்கொண்டிருந்த ஆள். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், அம்மாவை அண்ணி என்று கூப்பிட்டவர், எனக்குச் சித்தப்பா. நான் சிவபாலனைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் சிவன் கோயிலுக்குப் போகிற நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. சாதி வேறு, சாமி வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் ஜெபகுமார் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். கோயில் மாடியில் கூம்பு ஸ்பீக்கர் உண்டு. உள்ளே பேசுவது ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

மூப்பராக இருப்பவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று வேதத்தில் இருப்பதை எடுத்துப் படித்தார். குற்றம் சாட்டப்படாதவனாக இருக்க வேண்டும், வீட்டை ஒழுங்காக நடத்த வேண்டும், பிள்ளைகள் சொல் கேட்க வேண்டும். படித்து முடித்துவிட்டு, சொந்தப் பெண்ணை அடக்கத் தெரியாதவருக்குச் சபை எதற்கு என்று கேட்டார். அப்பா தோளில் இருந்த மூப்பர் பட்டத்து வெள்ளைச் சால்வையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். அதோடு விட்டார்களா? நதியா இனி இந்தச் சபைக்குப் புறத்தாள், இவளோடு யாருக்கும் ஐக்கியம் இல்லை என்று அதே மைக்கில் அறிவித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அப்பா கோயிலுக்குள் போகவில்லை. செருப்பு விடுகிற இடத்தில், தான் கட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பாட்டு கேட்டுவிட்டுப் போவார். ரொம்ப நாள் அப்படி உட்காரவில்லை, செத்துப்போனார். அவர் சாவுக்கு டாக்டர் ஏதோ பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர் ஜெபகுமார்தான்.

அம்மா எல்லம்மாள் மட்டும் போவதை நிறுத்தவில்லை. முன்வரிசையில் மூப்பர் மனைவியாக உட்கார்ந்தவள் கடைசிப் பாய்க்குப் போய்விட்டாள். அந்த நாளைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் பேசினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்போது ஜெபகுமார் ஆப்பிளோடு வந்ததற்குக் காரணம் இருந்தது. அவரை மூப்பராக்கப் போகிறார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பராகிறவன் வெளியில் இருக்கிறவர்களிடமும் நல்ல பெயர் எடுத்தவனாக இருக்க வேண்டும் என்பதும் வேதத்தில் உள்ள தகுதிதான். அதனால் சபையைச் சேராத ஒரு ஆள் அன்றைக்குக் கோயிலுக்கு வந்து, மைக் முன்னால் நின்று, இவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சொன்னது எதிர் டீக்கடை வடிவு அக்கா. நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து, இந்த ஆள் கட்டின சுவரும் சாயாது, பேசின பேச்சும் சாயாது என்று சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள்.

ஜெபகுமாருக்கும் யாராவது பெரிய மனிதர் வந்து சொல்லியிருப்பார். காஞ்சிபுரத்தில் அவர் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார், கட்சிக்காரர்கள் எல்லாரும் பழக்கம். ஆனால் பட்டம் கட்ட வருகிற வாலாஜாபாத் போதகர் சந்தோஷ்குமார் கறாரான ஆள். உன்மேல் மனத்தாங்கல் உள்ள ராஜவேலு வீட்டாரோடு ஒப்புரவாகிவிட்டு வா, அப்புறம்தான் உன் தலையில் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டாராம். சித்தப்பா கணக்குப் போட்டிருக்கிறார். நதியா ராஜவேலு பெண். அதே நதியா சபைக்குப் புறத்தாள், அதை அறிவித்ததே நாங்கள்தான். அவள் வந்து சாட்சி சொல்லிவிட்டால் ஒப்புரவும் ஆயிற்று, வெளியாள் சாட்சியும் ஆயிற்று.

என்ன துணிச்சல் பாருங்கள். மன்னிப்புக் கேட்க வந்திருந்தால்கூட நான் அழுதிருப்பேனோ என்னவோ. கொடுக்க வந்திருந்தார்.

சாட்சி சொல்ல வா என்று அவர் கேட்டதும், "வர்றேன் சித்தப்பா," என்றேன்.

அவர் போனதும் சிவபாலன் வெளியே வந்து ஏன் ஒத்துக்கொண்டாய் என்று சத்தம் போட்டார். மைக் கையில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். உண்மையில் அப்போது என்னிடம் ஒரு திட்டமும் இல்லை. அங்கே நின்று என் அப்பாவைக் கொன்றது இவர்தான் என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. யோசிக்க யோசிக்க அது போதாது என்று பட்டது. நான் கத்தினால் அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். பாவம், பொறுமையானவர் என்று எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு வேண்டியது வேறு. எந்த மைக்கில் அப்பாவைக் குற்றவாளி என்றாரோ, அதே மைக்கில் அதே வாயால் அப்பாமேல் குற்றமில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்ல வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரமே அவருடைய பெண் திரிஷா வந்து நின்றாள்.

திரிஷா ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே லோகேஸ்வரன், சிவபாலனின் அத்தை மகன், அவனும் அதே கம்பெனி. இரண்டு பேரும் நின்ற நிற்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. லோகேஸ்வரன் வீட்டில் அத்தை முதலில் ஒப்பாரி வைத்து, அப்புறம் சமாதானமாகியிருக்கிறாள். திரிஷா வீட்டில் யாருக்கும் தெரியாது. தாலி அவளுடைய கைப்பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா எம் பேரையும் மைக்ல படிச்சிடுவாருக்கா," என்றாள். "அவரு வாயாலயே படிப்பாரு. எனக்கு அம்மா வேணும்க்கா. உங்கள மாதிரி என்னால இருக்க முடியாது."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் சூடாகிற சந்தோஷம். வீட்டை ஒழுங்காக நடத்துகிறவர் வீட்டு லட்சணம் என் முன்னறையில் வந்து நிற்கிறது. இதை அப்படியே கொண்டுபோய் மைக்கில் கொட்டினால் போதும், அன்றைக்கே ஆள் காலி. ஆனால் அந்தப் பெண் தன் அம்மாவைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவள் பெயரை மைக்கில் இழுத்துப்போட்டு நாறடித்தால் எனக்கும் ஜெபகுமாருக்கும் சேலை வேட்டி ஒன்றுதான் வித்தியாசம். அவரைக் கவிழ்க்க வேண்டும், இவள் கீழே விழக் கூடாது. அவளுக்குக் காபி போடப் போன இடத்தில், பால் காய்கிற நேரத்தில் எனக்கு வழி கிடைத்தது.

அவரைத் திட்டப் போவதில்லை. பாராட்டப் போகிறேன்.

திரிஷாவிடம் சொன்னதும் அவளுக்கு வெலவெலத்துவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது என்று அப்பா சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"சொன்னா பட்டம் போச்சு. உங்கப்பா பட்டத்த விட மாட்டாருடி, அதுக்காக உங் கல்யாணத்தயும் முழுங்கிக்குவாரு," என்றேன்.

லோகேஸ்வரன் சிரித்தான். திரிஷா சிரிக்கவில்லை, ஆனால் சரிக்கா என்றாள். அன்றைக்குத் தாலியைக் கழுத்தில் போட்டு வருவதாகவும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் லோகேஸ்வரனும் முசரவாக்கத்தில் போய் இறங்கினோம். ஊர் முனையிலேயே ஃப்ளெக்ஸ். ஜெபகுமார் கைகூப்பி நிற்கிறார், தலைக்குப் பின்னால் வெளிச்சம், மேலே ஒரு புறா. சொந்தக் கடையில் அடித்தது, கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் பந்தல் போட்டு பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வடிவு அக்கா டீக்கடையிலிருந்து என்னைப் பார்த்து, நீயா வந்திருக்கிறாய் என்று கண்ணாலேயே கேட்டாள்.

அம்மா கடைசிப் பாயில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடங்காரனுக்குச் சாட்சி சொல்லவா வந்தாய் என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஜெபகுமார் மனைவி கலையரசி, பக்கத்தில் திரிஷா, கழுத்து மறைய முந்தானை.

போதகர் சந்தோஷ்குமார் ஒவ்வொரு தகுதியாகப் படித்துக் கேள்வி கேட்டார். அதுதான் முறை. ஒரே மனைவியின் கணவனாக இருக்கிறீரா, குடிப்பழக்கம் இல்லாதவரா, சண்டைக்காரர் இல்லையே, உபசரிக்கிறவரா. ஜெபகுமார் ஒவ்வொன்றுக்கும் மைக்கில் ஆம் என்றார். உம்முடைய வீட்டை நன்றாக நடத்துகிறீரா, உம் பிள்ளைகள் உமக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்களா என்று கேட்டபோது குரலை இன்னும் ஏற்றி ஆம் என்றார். திரிஷாவின் முதுகு விறைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

கடைசியாகப் புறத்தார் சாட்சி. என்னைக் கூப்பிட்டார்கள். நடந்துபோகும்போது இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோனது. மைக் என் உயரத்துக்கு இல்லை, நானே இறக்கி வைத்துக்கொண்டேன்.

"நான் நதியா. ராஜவேலு மூப்பர் பொண்ணு," என்றேன். மாடி ஸ்பீக்கரில் என் குரல் வெளியே போவது எனக்கே கேட்டது. "நான் இந்த சபைக்குப் புறத்தாள்னு இதே மைக்ல சொன்னீங்க. அதனால சாட்சி சொல்ல எனக்குத் தகுதி இருக்குது. ஜெபகுமார் சித்தப்பா பெரிய மனசுக்காரரு. அவரு பொண்ணு திரிஷா எங்க வீட்டு லோகேஸ்வரனை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினு இருக்குது. வேற சாதி, வேற சாமி. வேற ஒருத்தரா இருந்தா பொண்ணை வெளில தள்ளியிருப்பாங்க. இவரு தள்ளல. வீட்லயே வெச்சிக்கினு, இன்னிக்கி உங்க எல்லாரு முன்னாடியும் தைரியமா நிக்கிறாரு. வெளியாளு நான் சொல்றேன், இவரு நல்லவரு."

லோகேஸ்வரன் கடைசி வரிசையில் எழுந்து நின்று கும்பிட்டான். காலையில் இட்ட விபூதி நெற்றியில் அப்படியே இருந்தது. திரிஷா முந்தானையை விலக்கிவிட்டாள். கலையரசி அவள் கழுத்தைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

போதகர் ஜெபகுமார் பக்கம் திரும்பி, இது உமக்குத் தெரியுமா என்று கேட்டார்.

ஜெபகுமார் என்னைப் பார்த்தார். முட்டாள் இல்லை, உடனே புரிந்துவிட்டது. தெரியாது என்றால் வீட்டை நடத்தத் தெரியாதவர். தெரியும் என்றால் என் அப்பாவுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயம். அவர் பார்வை தட்டில் இருந்த வெள்ளைச் சால்வைக்குப் போயிற்று.

"தெரியும் ஐயா," என்றார் மைக்கில்.

நான் நினைத்த மாதிரியே முழுங்கிவிட்டார். இதற்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று வாரம் முழுக்க ராட்டை முன்னால் உட்கார்ந்து நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெரியுமா?"

அம்மா எழுந்து நின்றிருந்தாள். பாயை விட்டு இறங்கி, உட்கார்ந்திருந்தவர்கள் காலையெல்லாம் தாண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். செருப்புப் போடாத கால், கழுத்தில் ஒன்றும் கிடையாது. ஜெபகுமாருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"எம் பொண்ணு செஞ்சதத்தானே உம் பொண்ணும் செஞ்சிருக்குது? அப்ப எம் புருசனை மட்டும் எதுக்குடா எறக்கினே?"

அண்ணி அது வேற, இது வேற என்று ஆரம்பித்தார். எது வேற என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லும் ஜெபகுமார், அந்த அம்மா கேட்கிறார்கள் என்றார் போதகர். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அப்பா எழுந்துபோனதைப் பார்த்தவர்கள். அவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அது இன்னொரு நாளைக்கு.

ஜெபகுமார் மைக்கை விட்டுத் தள்ளி வந்தார். குனிந்து, அம்மா காதில் மட்டும் விழுகிற மாதிரி, அண்ணன்மேல் தப்பு எதுவும் இல்லை அண்ணி, போதுமா என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "மைக்ல சொல்லு."

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் ஒதுங்கி மைக்குக்கு வழி விட்டார்.

"ராஜவேலு அண்ணன் மேல குத்தம் இல்ல," என்றார் ஜெபகுமார். அம்மா நகரவில்லை. "நான் சொன்னதுதான் தப்பு," என்றார்.

மாடிக் கூம்பு அதை வாங்கித் தெருவில் போட்டது. வடிவு அக்கா கையில் வடிகட்டியோடு கோயில் வாசலில் வந்து நின்றிருந்தாள். அப்பா சாய்ந்து உட்காருகிற சுவர் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, அதற்குமேல் சரியாகப் பார்க்கவில்லை.

பட்டம் நடக்கவில்லை. குற்றமில்லாதவரைக் குற்றவாளியாக்கியவர், குற்றம் சாட்டப்படாதவன் என்கிற முதல் தகுதியிலேயே நிற்க முடியாதே என்று போதகர் அமைதியாகச் சொன்னார். சால்வையை மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு ஜெபம் செய்து முடித்தார். ஆனால் பிரியாணி வெந்துவிட்டது, ஊரே பந்தலுக்கு வந்துவிட்டது. தெரியும் என்று மைக்கில் சொன்னவர் மருமகனை விரட்ட முடியுமா? அத்தனை பேர் பார்க்க, லோகேஸ்வரனுக்கு அவரே இலை போட வேண்டியிருந்தது. அவன் சைவம் வேறு. ஒரு ஆளை வடிவு அக்கா கடைக்கு ஓடவிட்டுத் தயிர் வாங்கிவரச் சொல்லி, தயிர்சாதம் பிசைந்து பரிமாறினார். கலையரசி அழுதுகொண்டே திரிஷா தலையில் பூ வைத்தாள். இதையெல்லாம் நான் ஒன்று விடாமல் நின்று பார்த்தேன். ரசித்துப் பார்த்தேன்.

கை கழுவுகிற குழாய் பக்கம் அவர் என்னிடம் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வை. முகம் ஒரே நாளில் வயதாகியிருந்தது.

"என்ன மன்னிச்சிடும்மா," என்றார்.

இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் மனம் இளகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இளகவில்லை. ஆப்பிள் பையைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன், அதை அவர் கையில் கொடுத்தேன்.

"மன்னிக்கல சித்தப்பா," என்றேன்.

அம்மா பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இலையைக் கையால் மறைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.